ஒரே கறுப்பு மையில் பட்டும் மென்மயிரும்

பழைய செப்புத் தகட்டு அச்சுப் படம் ஒன்றில் நிற்கிற ஒட்டோமான் அதிகாரியின் அங்கி பட்டு, அதன் ஓரம் விலங்கின் மென்மயிர், தலைப்பாகை மெல்லிய மஸ்லின். பார்த்ததுமே சொல்லிவிடுகிறோம். ஆனால் தாளில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு மை. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. அப்புறம் எப்படி?

1699-இல் பிரான்சின் தூதராக, துருக்கிய ஒட்டோமான் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல் போனவர் சார்ல் த ஃபெரியோல். அங்கிருந்த ஓவியர் வான்மூரைக் கொண்டு 1707, 1708 ஆண்டுகளில் நூறு ஓவியங்கள் வரைய வைத்தார். 1714-இல் அவை செப்புத் தகட்டு அச்சுகளாகப் பாரிசில் வெளிவந்தன. மேலே சொன்ன படம் அந்த வகை அச்சுதான். ஒட்டோமான் அரசவையில் ஒருவரின் பதவியைத் தலைப்பாகையும் அங்கியுமே சொல்லிவிடும். துணி பிசகினால் ஆளே மாறிவிடுவார்.

அக்காலத்தில் பெரும்பாலும் வேலை இப்படித்தான் நடந்தது. மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலம் விட்டு அரிக்க வைப்பார்கள். பிறகு கூர் உளியால் கோடுகளை ஆழப்படுத்துவார்கள். மையைத் தடவி மேற்பரப்பைத் துடைத்தால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை வைத்து, கம்பளியால் மூடி, உருளைகளுக்கு நடுவே அழுத்தும்போது தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும்.

சூட்சுமம் உளியில்தான் இருக்கிறது. உளியை அழுத்தினால் கோடு ஆழமாகி அகலும், தளர்த்தினால் மெலியும். பட்டுக்கு நீளமான இணைகோடுகள் போடுவார்கள். மடிப்பின் முகட்டில் அவை சட்டென்று நின்றுவிடும். அந்த வெற்றுத் தாள்தான் நம் கண்ணுக்குப் பளபளப்பு. மென்மயிருக்குக் குட்டையான, திசை மாறும் கீறல்கள். தலைப்பாகைக்கு ஓரங்களில் சில வளைகோடுகள் போதும், மீதி வெள்ளையை நம் மூளையே உருண்டையாக்கிக்கொள்கிறது. சில பிரதிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். எனக்கு வண்ணம் படாத பிரதிதான் பிடிக்கும். கோடுகள் செய்யும் வேலை அதில்தான் முழுசாகத் தெரிகிறது.

இன்னொரு சிக்கல், அச்சில் இடமும் வலமும் மாறிவிடும். ஓவியத்தில் உள்ளபடியே செதுக்கினால், இடது இடுப்பில் தொங்கும் வாள் வலது இடுப்புக்குப் போய்விடும். அதைத் தவிர்க்க, செதுக்குபவர்கள் மூலப்படத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தோ, தாளில் நகலெடுத்துத் திருப்பிப் போட்டோ தகட்டில் வரைந்துகொள்வது உண்டு. பழைய அச்சு ஒன்றில் வலப்பக்கம் வாள் தொங்கினால், அவரை இடதுகைக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். மூல ஓவியம் கிடைத்தால் முதலில் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.