ரிஃப்: பொருளும் பிறப்பும் தமிழ்ப் பெயரும்

ராக் இசையைப் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் ரிஃப் என்னும் சொல், சில தாளச் சுற்றுகளுக்குள் அடங்கி, ஒரு பாட்டில் ஏறக்குறைய மாறாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத்தொடரைக் குறிக்கும். திரும்ப வருவது மட்டுமே அதற்கு இலக்கணம் ஆகிவிடாது. பாட்டை இன்னதென்று காட்டிக்கொடுப்பதும் அதன் வேலை. பாடகர் வாய் திறக்கும் முன்பே கேட்பவர் பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டால், அப்படிச் சொல்ல வைத்தது பெரும்பாலும் ரிஃப்பாகவே இருக்கும்.

இச்சொல் ராக் இசைக்கு முந்தியது. 1930களில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்களின் பேச்சில் இது நன்றாக வேரூன்றிவிட்டது. கான்சஸ் சிட்டியில் பெயர்பெற்ற கவுன்ட் பேஸி போன்றோரின் குழுக்களில், இசைத்தாள் எதுவும் இல்லாமலே ஊதுகருவிக்காரர்கள் ஒரு சிறு தொடரைப் பிடித்துக்கொண்டு விடாமல் வாசிக்க, அதன்மேல் ஒருவர் தம் கற்பனைக்கேற்பத் தனியே வாசிப்பது வழக்கம். பேஸி குழு 1937இல் பதிவுசெய்த ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ அவ்வாறு உருவானதே. சொல்லின் வேர் எதுவென்பதில் அகராதிகள் உறுதியாக எதுவும் கூறுவதில்லை. பல்லவியைக் குறிக்கும் ‘ரிஃப்ரெய்ன்’ என்ற ஆங்கிலச் சொல் தேய்ந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பதே அடிக்கடி சொல்லப்படும் கருத்து. மொராக்கோவின் ரிஃப் மலைத்தொடருக்கும் இதற்கும் உறவில்லை. அது வெறும் ஒலி ஒற்றுமை. பின்னாளில் ஆங்கிலத்தில் இது வினைச்சொல்லாகவும் மாறி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மனம்போனபடி விரித்துப் பேசுவதையும் குறிக்கத் தொடங்கியது. மாறாமல் திரும்புவதற்கு ஏற்பட்ட பெயர் மாற்றி மாற்றிப் பேசுவதற்கும் ஆகிவந்தது வேடிக்கைதான்.

ரிஃப் என்றால் என்னவென்று ஒரே ஒரு பாட்டைக் கொண்டு விளக்க வேண்டுமானால், டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டைத்தான் எடுக்க வேண்டும். 1971 டிசம்பரில் அந்த ஆங்கிலேயக் குழு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்த்ரோ நகரின் காசினோவில் தன் அடுத்த தொகுப்பைப் பதிவுசெய்யச் சென்றிருந்தது. டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் கலைஞர் பிராங்க் ஜப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் ஒருவர் கூரையை நோக்கி ஒளிக்குண்டுத் துப்பாக்கியால் சுட, கட்டடம் முழுவதும் எரிந்து போயிற்று. மோன்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடங்கியவரான குளோட் நோப்ஸ் உள்ளே சிக்கியவர்களை வெளியேற்ற உதவினார். பாட்டில் அவர் பெயர் வருவது அதனால்தான்.

இடமிழந்த குழு பெவிலியன் என்ற அரங்கத்துக்குப் போனது. கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் கொண்டுவந்த ரிஃப்பின்மேல் ஒரு பாட்டின் கருவியிசை அங்கேதான் பதிவாயிற்று. இரைச்சல் தாங்காமல் அக்கம்பக்கத்தார் முறையிட, காவல்துறையினர் வந்து கதவைத் தட்ட, பதிவு முடியும்வரை குழுவின் உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது குழுவினரே சொல்லிவந்த செய்தி. அதன்பின் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைகூடங்களில் மெத்தைகளை அடுக்கி ஒலியை அடக்கி, மற்ற பாட்டுகளை முடித்தார்கள். தொகுப்பை நிரப்ப இன்னும் ஒரு பாட்டு தேவைப்பட்டபோதுதான் பெவிலியனில் பதிந்ததைத் தேடியெடுத்து, ஏரிமேல் புகை படர்ந்த காட்சியிலிருந்து குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவருக்குத் தோன்றிய தலைப்பை வைத்துச் சொற்களை எழுதினார்கள். ஆக, தீவிபத்தின் கதையைச் சொல்லும் இப்பாட்டில் கதைக்கு முன்பே ரிஃப் இருந்தது. வேறு எந்தக் கதையை அதன்மேல் ஏற்றியிருந்தாலும் பாட்டு இதே அடையாளத்தோடுதான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தொடரை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஆதார சுருதியைச் சட்சமாகக் கொண்டால் அது ‘ச க ம’ என்று ஏறி, மறுமுறை ‘ச க’ என்று தொடங்கிப் பிரதி மத்திமத்தைத் தொட்டுச் சுத்த மத்திமத்துக்கு இறங்கி, மூன்றாம் முறை ‘ச க ம க ச’ என்று தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. காந்தாரம் சாதாரண காந்தாரம். மொத்தம் பன்னிரண்டு மீட்டல்கள், நான்கே சுரங்கள். இரு மத்திமங்களும் அடுத்தடுத்து வருவது ப்ளூஸ் இசையின் சாயல். ஆயினும் பிளாக்மோர் இவற்றை ஒற்றைச் சுரங்களாக வாசிக்கவில்லை. ஒவ்வொரு சுரத்தோடும் அதற்கு நான்காம் சுர இடைவெளியில் கீழே உள்ள சுரத்தையும் சேர்த்து, மீட்டுத்தகடு இல்லாமல் விரல்களாலேயே இரு கம்பிகளையும் ஒரே நொடியில் இழுத்தார். தகட்டால் அடித்தால் ஒரு கம்பி சற்று முந்தியும் மற்றது பிந்தியும் ஒலிக்கும். விரலால் இழுத்தால் இரண்டும் ஒன்றாகத் தெறிக்கும். அந்தத் தெறிப்பே இதன் தனிக்குணம், புதிதாகக் கற்பவர் பலர் தவறவிடுவதும் அதுவே. முதலில் கிட்டார் தனியே வர, அடுத்து ஜான் லார்டின் கரகரத்த ஆர்கனும் இயன் பெய்ஸின் தாளத்தட்டும் சேர, பிறகு முழு டிரம்ஸும், கடைசியாக பேஸ் கிட்டாரும் வந்த பின்னரே இயன் கில்லன் பாடத் தொடங்குகிறார்.

1972 மார்ச்சில் ‘மெஷின் ஹெட்’ தொகுப்பு வெளியானபோது, தனிப்பாட்டாக முதலில் வந்தது ‘நெவர் பிஃபோர்’. இந்தப் பாட்டு 1973இல்தான் அமெரிக்காவில் தனியாக வெளியாகி, பில்போர்டு பட்டியலில் நான்காம் இடத்தைப் பிடித்தது.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். பல்லவி என்பது பொருந்தாது. அது பாடப்படுவது, சொல்லோடு வருவது. இசைத்துணுக்கு என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் சிறுமை இருக்கிறதே தவிர மீண்டும் வருதல் இல்லை. தனி வாசிப்பின் நடுவே ஒருமுறை வந்துபோகும் ‘லிக்’ என்பதற்கே அது ஏற்றது. நம் இசையில் ஓர் இராகத்தைச் சட்டென இனங்காட்டும் சுரத்தொடரைப் பிடி என்பார்கள். அடையாளம் காட்டுதல் என்ற அளவில் ரிஃப்புக்கு இதைவிட நெருங்கிய சொல் இல்லை. ஆனால் பிடி இராகத்துக்கு உரியது, பாடுபவருக்கேற்ப நெகிழ்வது. ரிஃப்போ ஒரு பாட்டுக்கே உரியது, இறுக்கமானது. இந்த வேறுபாட்டைக் காட்ட, மீள்பார்வை, மீள்பதிவு என்பவற்றின் வழியில் மீள்பிடி என்று சொல்லலாம். பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் ‘கார்டு’ பிடிப்பது என்று கிட்டார் பயில்வோர் சொல்வதோடு இது சற்றே குழம்பலாம், எனினும் சொற்றொடரில் வரும்போது பொருள் தெளிவாகிவிடும். பேச்சில் ரிஃப் என்றே இருக்கட்டும். எழுத்தில் முதன்முறை இரண்டையும் தந்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து மீள்பிடி என்றே தொடர்வதில் தடையொன்றும் இல்லை.