பிள்ளைக்குச் சைக்கிள் பிடித்துப்போக என்ன செய்யலாம்?

குழந்தைகளுக்கு பிசியோதெரபி பார்க்கிறவள் நான். முழங்கால் வலி, எடை கூடிவிட்டது, எந்நேரமும் போனில் குனிந்தே கிடக்கிறான் என்று பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். உடம்பைப் பார்த்துவிட்டு, "தினமும் கொஞ்ச நேரம் சைக்கிள் ஓட்டட்டும்" என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "மேடம், எத்தனை வயசுல கோச்சிங் சேர்க்கலாம்?" அங்கிருந்து பேச்சு போட்டி, மெடல் என்று ஓடிவிடும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் மெடல் வாங்கியவர்கள் சைக்கிளுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று தெரிந்தால் இந்த அவசரம் தானாகக் குறையும்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டும் டைம் டிரயல் போட்டியில் ஆண்கள் தங்கம் ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரோக்லிச்சுக்கு. பெண்கள் தங்கம் நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டனுக்கு. ரோக்லிச் இருபது வயது தாண்டும்வரை பனிச்சறுக்கில் உயரத்திலிருந்து தாவும் வீரர். வான் ஃப்ளூட்டன் கால்பந்து ஆடியவர். முழங்காலில் அடிபட்டு, அறுவை சிகிச்சை ஆகி, பந்தை விட்டுவிட்டு இருபதுகளின் நடுவில்தான் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தார். ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஸ்காட்லாந்தின் கிறிஸ் ஹோயின் முதல் சைக்கிள், பழைய சாமான் விற்கிற இடத்தில் 5 பவுண்டுக்கு வாங்கியது. சின்ன வயதில் மண்மேட்டில் தாவும் பி.எம்.எக்ஸ். ஓட்டினார், நடுவில் ரக்பி ஆடினார், படகு வலித்தார். வளைந்த ஓடுதளத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டும் டிராக் சைக்கிளிங் அதற்கெல்லாம் பிறகுதான்.

பிசியோதெரபிஸ்டாக எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வளரும் வயதில் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி மென்மையானது. ஒரே அசைவை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யவைத்தால் அது வலியாகத்தான் வெளியே வரும். ஓடட்டும், மரம் ஏறட்டும், நீந்தட்டும், கபடி ஆடட்டும், அதோடு சைக்கிளும் ஓட்டட்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடத்தில் டியூஷனுக்குச் சைக்கிளில் போய் வருவதும் சேர்த்திதான்.

"வீசிங் இருக்கு மேடம், ஓடவே விடுறதில்ல" என்று சொல்லும் அம்மாக்களிடம் நான் பிரிட்டனின் சைக்கிள் வீராங்கனை லாரா கென்னியைப் பற்றிச் சொல்வேன். மாதம் நிறைவதற்கு முன்பே, நுரையீரல் சரியாக விரியாமல் பிறந்த குழந்தை. பிறகு ஆஸ்துமாவும் வந்தது. அவருடைய அம்மா தன் எடையைக் குறைக்கச் சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்க, மகள்கள் இருவரும் கூடவே ஓட்டினார்கள். லாரா பின்னாளில் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அக்கா எம்மாவும் பந்தய வீராங்கனை ஆனார். மருத்துவர் சொன்ன இன்ஹேலரை முறையாக எடுத்துக்கொண்டு, மூச்சு கட்டுக்குள் இருக்கும் பிள்ளை தாராளமாகச் சைக்கிள் ஓட்டலாம். அதைவிட முக்கியம், இங்கே முதலில் சீட்டில் ஏறியது அம்மா. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது, பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். அம்மா ஓட்டுகிற வீட்டில் பிள்ளைக்குச் சைக்கிள்மேல் பயம் வராது. "போய் ஓட்டு" என்று சோபாவிலிருந்து சொல்வதற்கும் "வா, ரெண்டு பேரும் டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என்னிடம் வரும் பிள்ளைகளிடம் கண்ணாரப் பார்க்கிறேன்.

சரி, சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் தொடங்குவது கடையில்தான். "வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷம் தாங்கட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறோம். முந்தைய தலைமுறை மணிக்கணக்கு வாடகைக்குப் பெரிய சைக்கிள் எடுத்து, பாருக்கு நடுவே காலை விட்டு குரங்கு பெடல் போட்டே கற்றது உண்மைதான். அன்று வேறு வழி இல்லை. இன்று 12, 14, 16, 20 இன்ச் என்று சக்கரம் கிடைக்கிறது. புதிதாகக் கற்கும் பிள்ளை சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். பிரேக் பிடிக்கு விரல் எட்ட வேண்டும். எடையையும் தூக்கிப் பாருங்கள். 16 கிலோ குழந்தைக்கு 10 கிலோ சைக்கிள் என்றால், 60 கிலோ இருக்கும் உங்களுக்கு 37 கிலோ சைக்கிளைக் கொடுத்து மேட்டில் ஏறச் சொல்வதாகும். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று நாம் நினைப்பது பல நேரம் இந்தப் பாரம்தான்.

பக்கச் சக்கரம் வேண்டாம் என்பது என் கருத்து. சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்புவதில்தான் பேலன்ஸ் இருக்கிறது. பக்கச் சக்கரம் சைக்கிளைச் சாயவே விடாது, அப்புறம் எங்கே பழகுவது? அதற்குப் பதில் இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 15 எண் ஸ்பேனர் போதும். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். சீட்டைக் கீழே இறக்கி, காலால் தள்ளித் தள்ளிப் போகச் சொல்லுங்கள். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் தானாக உருள ஆரம்பித்ததும் பெடலை மாட்டலாம். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி ஓடி நம் இடுப்பை நோகடித்துக்கொள்ளவும் தேவையில்லை.

நன்றாக ஓட்ட வந்த பிறகு சீட்டை ஏற்ற மறந்துவிடுகிறோம். முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று வரும் பெரிய பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியும் வந்த உயரத்திலேயே கிடக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீண்டு நிற்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம்.

இரண்டு காயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். கேரியரில் உட்கார்ந்து வரும் சின்னக் குழந்தையின் குதிகால் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்விடுவது ஒன்று. முதல் நாள் வெறும் சிராய்ப்பு மாதிரி தெரியும், சில நாளில் தோல் கறுத்து உரியும். சக்கரத்துக்குத் தடுப்பும் கால் வைக்கக் கட்டையும் இல்லாமல் குழந்தையைப் பின்னால் உட்காரவைக்காதீர்கள். இன்னொன்று ஹேண்டில்பார். கைப்பிடி ரப்பர் கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். விழும்போது அந்த முனை வயிற்றில் குத்தினால், வெளியே வட்டமாக ஒரு தடம் மட்டும் இருக்கும், உள்ளே மண்ணீரலோ ஈரலோ கணையமோ அடிபட்டிருக்கலாம். சில மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்று வலியும் வரும். ரத்தம் வரவில்லையே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஹெல்மெட் பிள்ளையின் தலைக்குச் சரியாக இருக்க வேண்டும், புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும்.

"எல்லாம் சரி மேடம், எங்க தெருவுல எப்படி விடுறது?" இந்தக் கேள்விக்கு என்னிடம் லேசான பதில் கிடையாது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சைக்கிளில் தங்கம் வாங்கிய பிரிட்டனின் கிறிஸ் போர்டுமன், ஓய்வுக்குப் பிறகு பாதுகாப்பான தெருக்களுக்காகவும் உழைத்தவர். 2016இல் அவருடைய அம்மா சைக்கிளில் போகும்போது வண்டி மோதி இறந்துபோனார். அதற்குப் பிறகும் அவர் சைக்கிளை விடச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டர் பகுதியின் சைக்கிள், நடைப் பாதைகளுக்கான ஆணையர் ஆனார். புதிய பாதை எதுவானாலும் 12 வயதுப் பிள்ளை அதில் போக முடியுமா என்பதை அளவுகோலாக வைத்தார். நம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை அதே அளவுகோலோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். திறந்த சாக்கடை எங்கே, வேகத்தடை இல்லாத முனை எது, எந்த இடத்தில் லாரி திரும்புகிறது என்று குறித்துக்கொண்டு வார்டு கவுன்சிலரிடமோ கிராம சபையிலோ நான்கைந்து பெற்றோர் சேர்ந்து மனுவாகக் கொடுங்கள். அதுவரை ஞாயிறு காலை ஆறு மணித் தெருவும் பள்ளி மைதானமும் இருக்கின்றன. மைதானத்தை விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் திறந்துவிடச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் நேரில் போய்க் கேட்கலாம்.