நன்றாக வீசுகிறவரை ஏன் வெளியே எடுக்கிறார்கள்?

2020 அக்டோபர் 27, டெக்சாஸின் ஆர்லிங்டன். அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே ரேஸ் அணி 1–0 என முன்னிலையில் இருந்தது. அதன் பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல் 73 பந்துகள்தான் வீசியிருந்தார். ஒன்பது பேரை ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை ஒழுங்காக அடிக்கவிடாமலே அவுட்) ஆக்கி, இரண்டே ஹிட் (பேட்டர் அடித்துவிட்டு ஒரு தளத்தை, அதாவது பேஸை, எட்டுவது) கொடுத்திருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் அந்த இரண்டாவது ஹிட் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். ஸ்னெல் வாய்க்குள் திட்டியது டிவியில் அப்பட்டமாகத் தெரிந்தது. பதிலுக்கு வந்தவர் நிக் ஆண்டர்சன். அவரை எதிர்கொண்ட முதல் ஆளான மூக்கி பெட்ஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்தார். அந்த இன்னிங்ஸிலேயே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2–1 என முந்தியது. கடைசியில் 3–1, கோப்பையும் அவர்களுக்கே.

கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்தினால் பத்து ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் வெளியே போனவர் போனவர்தான். அதனால்தான் இந்த முடிவுக்கு இவ்வளவு கனம்.

கேஷுக்குப் பைத்தியமா? இல்லை. பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 நொடியில் வந்து சேரும். அதில் பாதிக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். பந்தை முழுதாகப் பார்த்துவிட்டு அடிக்க நேரமே கிடையாது. கை எங்கிருந்து வருகிறது, பந்து எப்படிச் சுழல்கிறது என்பதை வைத்துப் போகும் இடத்தைக் கணிக்கிறார்கள். ஒரே ஆளின் பந்துகளைப் பார்க்கப் பார்க்க அந்தக் கணிப்பு கூர்மையாகிறது. ஒன்பது பேட்டர்களும் வரிசை மாறாமல் சுற்றிச் சுற்றி வருவதால், மூன்றாவது சுற்றில் எல்லோருக்கும் பிட்சர் பழகிவிடுவார். அவருக்கும் கை சோர்ந்திருக்கும். இதில் பழக்கத்தின் பங்கு எவ்வளவு, சோர்வின் பங்கு எவ்வளவு என்று புள்ளியியல்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வித்தியாசம் பார்வைக்குச் சின்னதுதான்: நூறு பேர் ஆடினால் ஒன்றிரண்டு பேர் கூடுதலாக பேஸை எட்டுவார்கள். ஒரு ரன் இடைவெளியில் அதுவே பயமுறுத்தும்.

ஸ்னெல் அன்று எதிர்கொண்டது 18 பேரை, அதாவது சரியாக இரண்டு சுற்று. அடுத்து வரவிருந்த பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அதுவரை ஆளுக்கு இரண்டு முறை ஸ்ட்ரைக்-அவுட். "இன்று நல்லா வீசுகிறாரே" என்று ரசிகர்கள் கத்துவார்கள்தான். ஆனால் 18 பேர் என்பது மிகச் சிறிய மாதிரி. அதை வைத்து பத்தொன்பதாவது ஆளைப் பற்றிச் சொல்ல முடிவது கொஞ்சமே.

எடுக்காமல் விட்டாலும் அடி விழும். 2003 அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் மேனேஜர் கிரேடி லிட்டில் எட்டாவது இன்னிங்ஸில் பெட்ரோ மார்ட்டினெஸிடம் நடந்து போய்ப் பேசிவிட்டு, பந்தை வாங்காமலே திரும்பினார். 5–2 என்றிருந்த முன்னிலை அதே இன்னிங்ஸில் 5–5 ஆனது. பதினோராவது இன்னிங்ஸில் பாஸ்டன் தோற்றது. லிட்டிலின் ஒப்பந்தத்தை அணி நீட்டிக்கவில்லை.

என்னைக் கேட்டால், கேஷ் சறுக்கியது மூன்றாவது சுற்றுக் கணக்கில் இல்லை. களைத்த ஸ்னெலை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி. ஆண்டர்சன் அந்தச் சீசனில் பிரமாதமான ரிலீவர் (நடுவில் மாற்றாக வரும் பிட்சர்), சரி. ஆனால் அதற்கு முன் கடைசியாக இறங்கிய ஆறு ஆட்டங்களிலும் அவர் ரன் கொடுத்திருந்தார், அன்று ஏழாவது. சீசன் சராசரியை நம்பிய கேஷ், கண்ணெதிரே இருந்த ஆண்டர்சனின் களைப்பை எடைபோட்டாரா?

இரண்டு வாரம் கழித்து அமெரிக்கன் லீகின் ஆண்டின் சிறந்த மேனேஜர் விருது கேஷுக்குக் கிடைத்தது. வாக்குகள் பிளேஆஃபுக்கு (சீசன் முடிந்தபின் நடக்கும் கோப்பைச் சுற்றுகளுக்கு) முன்பே போடப்பட்டிருந்தன.