கைதட்டும் குழு வேறு, கணக்குக் கேட்கும் குழு வேறு

மசாலாப் பொடி, சத்துமாவு, தையல் என்று வீட்டிலிருந்தே தொழில் தொடங்கிய பெண்கள் ஆலோசனைக்கு வரும்போது, அநேகமாக எல்லோருமே ஏற்கெனவே நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறார்கள். காலை வணக்கமும் 'வாழ்த்துகள் அக்கா'வும் அங்கே குறைவில்லாமல் வருகின்றன. 'கடைக்காரர் மூணு மாசமா பணம் தரல, என்ன செய்யலாம்?' என்று கேட்டால்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு குழு உதவுமா என்று அறிய எளிய வழி உண்டு. '200 கிராம் ஜிப் பவுச் எங்கே வாங்குறீங்க, ஒண்ணு என்ன விலை விழுது?' என்று பொதுவில் கேளுங்கள். கடையும் விலையும் அங்கேயே வந்தால் இருக்கலாம். 'தனியா மெசேஜ் பண்ணுங்க' என்றே பதில்கள் வந்தால், உங்களை வாடிக்கையாளராகத்தான் பார்க்கிறார்கள். சேர்ந்த வாரமே பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்லி, மேலும் மூன்று பேரைச் சேர்த்துவிடச் சொன்னால் யோசிக்காமல் வெளியேறுங்கள்.

பணத்துக்கு நம்மிடம் நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1989-இல் தருமபுரியில் தொடங்கி, பின்னர் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவிய சுய உதவிக் குழுக்களைத்தான் சொல்கிறோம். 10 முதல் 20 பேர், தவறாத கூட்டம், சேமிப்பு, உறுப்பினர்களுக்குள்ளேயே கொடுக்கும் உள்கடன், ஒழுங்கான தவணை, எழுதிய கணக்கு. இவற்றோடு ஆறு மாதம் நடந்த குழு வங்கிக் கடன் கேட்கலாம். குழுக்கடன் 10 லட்சம் ரூபாய் வரை வங்கி பிணையம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இது தெரியாமல் நகையைக் கொண்டுபோய் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் மாடு வளர்ப்பவரும் இட்லிக் கடைக்காரரும் தையல்காரரும் சேர்ந்த அந்தக் குழு, உங்கள் பொடிக்கு விலை வைக்க உதவாது. அதற்கு ஆறேழு பேர் கொண்ட சிறு வட்டம் தனியாக வேண்டும். ஒரே தெருவில் ஊறுகாய் போடும் இருவரைச் சேர்க்காதீர்கள், இருவருமே உண்மை விலை சொல்ல மாட்டார்கள். ஒரே தொழில், வேறு வேறு ஊர் என்றால் நன்றாகவே நடக்கும். மாதம் ஒருமுறை, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் 11 மணி முதல் 1 மணி வரை போதும். ஆளுக்கு 15 நிமிடம்: போன மாத விற்பனை, வரவேண்டிய பாக்கி, ஒரு சிக்கல். நோட்டில் எழுதாமல் வந்தவர் அன்று கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். ஒருவர் வீட்டிலேயே தொடர்ந்து கூடினால் காபி, பலகாரச் செலவெல்லாம் அவர் தலையில் விழும். அந்தக் கசப்பு வெளியே தெரியும்போது வட்டமே பாதி கலைந்திருக்கும்.

வட்டம் உடைவது பெரும்பாலும் காசால்தான். தங்களுக்குள் கைமாற்று, கடனுக்கு ஜாமீன் கையெழுத்து இரண்டும் இங்கே வேண்டாம். மிளகாயை மூட்டையாகச் சேர்ந்து வாங்கினால் கிலோவுக்குக் குறையும், உண்மைதான். ஆனால் முன்பணம் கைக்கு வந்த அளவுக்கே ஆர்டர் கொடுங்கள். வாங்கிய பிறகு இருவர் பின்வாங்கினால், ஏற்பாடு செய்தவர் வீட்டில் மூட்டை கிடந்து பூஞ்சை பிடிக்கும். பெரிய ஆர்டரை ஒருவர் பிடித்துப் பிரித்துக் கொடுத்தால், விலை போட்ட ஆர்டர் தாளை எல்லோருக்கும் காட்ட வேண்டும். அவருக்கு உழைப்புக்கூலி உண்டு, அது எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கடைக்காரர் பாக்கிக்கு வருவோம். குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பேசிய கெடுவுக்குள், எப்படியும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், சரக்கு கொடுத்ததற்கான டெலிவரி சலானில் கடைக்காரர் கையெழுத்தும் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தச் சலான்களைக் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். கையெழுத்து விட்டுப்போனது எது என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.