பிக்கப்பில் விழுந்த ஒடுக்கு: தகட்டுக்குள் என்ன நடக்கிறது?

டொயோட்டா ஹைலக்ஸின் நீளம் 5.3 மீட்டருக்குச் சற்று அதிகம். இசுசு வி-கிராஸும் ஏறக்குறைய அதே அளவுதான். அடுக்ககங்களில் ஒரு காருக்கு ஒதுக்கும் இடமோ வழக்கமாக 2.5க்கு 5 மீட்டர். வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வருகிறவர் போகிறவர் பம்பரில் இடிப்பார்கள். ஆனால் பெரிய சேதம் நின்ற வண்டிக்கு அல்ல, திரும்புகிற வண்டிக்குத்தான் வருகிறது. ஹைலக்ஸின் வெளிப்பக்க முன்சக்கரம் 6.4 மீட்டர் ஆரத்தில் வளையும்போது, 3 மீட்டருக்கு மேல் தள்ளி வரும் அதே பக்கப் பின்சக்கரம் சுமார் 80 செ.மீ. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் தூணைத் தாண்டிவிட்டது என்று ஸ்டியரிங்கை ஒடித்தால், பின்கதவின் அடிப்பகுதியோ லோடு பெட்டியின் பக்கத் தகடோ போய் உரசும்.

உரசிய இடத்தைப் பார்த்துப் பதறுவதற்கு முன் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிவதில் பாதி உங்கள் வண்டியின் காயமே அல்ல. தூணின் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். மைக்ரோஃபைபர் துணியில் ரப்பிங் காம்பவுண்டு (பெயிண்டை மெல்லத் தேய்த்தெடுக்கும் பசை) கொஞ்சம் எடுத்துத் தேய்த்தால் வந்துவிடும். தின்னர் வேண்டாம். கம்பெனி பெயிண்ட் ஓரளவு தாங்கும். முன்பே ரீபெயிண்ட் செய்த இடமாக இருந்தால் உங்கள் நிறமும் சேர்ந்து கரைந்து வரலாம்.

மிச்சமிருக்கும் கீறல் எவ்வளவு ஆழம் என்பதுதான் அடுத்த கேள்வி. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் என்று நான்கு அடுக்கு. எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.); அதில் கிளியர் 40, 50 மைக்ரான். கீறலை ஈரமாக்கும்போது அது மறைந்துபோனால் காயம் கிளியரோடு நின்றுவிட்டது, பாலிஷ் போதும். நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது மாட்டினால் பாலிஷ் உதவாது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நீர் விட்டுத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாள்) போட்டுச் சமன்செய்யப் பார்த்தால், வெயிலைத் தடுக்கும் கிளியரைத்தான் தேய்த்துத் தீர்ப்பீர்கள். சில வருடம் கழித்து அந்த இடம் மட்டும் வெளுத்து உரியும். தகடு பளிச்சென்று தெரிந்தால் அன்றைக்கே ஒரு சொட்டு டச்-அப் பெயிண்டாவது வையுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அவகாசம் தராது.

இனி ஒடுக்கு. வெளித் தகட்டின் தடிமன் 0.7, 0.8 மி.மீ. அளவுதான். அதை அழுத்தும்போது முதலில் ஸ்பிரிங் போல வளையும், விட்டால் திரும்பிவிடும். சுமார் 0.1 சதவீதத்துக்கு மேல் இழுபட்டால்தான் நிரந்தரமாக மடங்கும். உள்ளங்கை அகல ஒடுக்கில்கூட உண்மையில் மடங்கியது நடுவில் ஒரு சிறு பகுதியும், சுற்றிலும் மேடாக எழும்பிய விளிம்பும் மட்டுமே. மற்ற இடமெல்லாம் திரும்பத் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த விளிம்பு பூட்டுப் போட்டுப் பிடித்திருக்கிறது.

பெயிண்ட் அடிக்காமல் ஒடுக்கு எடுப்பவர்களின் வித்தை முழுக்க இந்தப் பூட்டைத் திறப்பதில்தான் இருக்கிறது. எல்.இ.டி. விளக்கின் கோடுகள் தகட்டில் எப்படி வளைந்து பிரதிபலிக்கின்றன என்று பார்த்து, முதலில் மேட்டை நைலான் முனையால் மெல்லத் தட்டி இறக்குவார்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து கம்பியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புவார்கள். மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தின் நடுவில் ஒரே அழுத்து அழுத்தினால் அங்கே குமிழ் கிளம்பும், தகடு நீண்டுவிடும், அதன்பின் விரல் வைத்தாலே டொக் டொக் என்று உள்ளே போய் வெளியே வரும். லோடு பெட்டிக்கு உள்சுவர் வேறு உண்டு. டெயில் லேம்ப்பைக் கழற்றினால் கிடைக்கும் ஓட்டை வழியாகவோ சக்கர வளைவுப் பக்கமிருந்தோதான் கம்பி நுழையும். எட்டாத இடத்தில் பசை வைத்து வெளியிலிருந்து இழுப்பார்கள். பெயிண்ட் வெடித்திருந்தாலோ, கத்தி மடிப்புப் போல விழுந்திருந்தாலோ இந்த வேலை எடுபடாது.

ஹேர் டிரையரால் சூடாக்கி ஐஸ் வைக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 60 டிகிரி வித்தியாசம் கொடுத்தாலும் 0.07 சதவீதம்தான். மடங்கிய உலோகத்தை நகர்த்த அது போதாது. ஏற்கெனவே துள்ளி வரத் தயாராக இருக்கும் ஆழமில்லாத அகலப் பள்ளத்தில் மட்டும் எப்போதாவது பலிக்கும்.

பிளாஸ்டிக் பம்பரின் கதை வேறு. பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவை. பின்பக்கம் பிபி (பாலிபுரொப்பிலீன்), இபிடிஎம் (ஒரு வகை ரப்பர்) என்று அச்சிட்டிருக்கும். 80, 90 டிகிரி வெந்நீரை ஊற்றினால் இளகும். கையுறை போட்டு உள்ளிருந்து தள்ளினால் பழைய வடிவத்துக்கு வரும். வந்ததும் குளிர்ந்த நீர். ஆனால் இந்தப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் லேசில் ஒட்டாது. பிளாஸ்டிக் பிரைமர் போடாமல் அடித்தால், பிரஷர் வாஷில் செதில் செதிலாக உரியும்.

தட்டி நேராக்கிப் பெயிண்ட் அடிக்கும் டிங்கரிங்தான் வழி என்றால் பட்டியை, அதாவது பள்ளம் நிரப்பும் பசையை, கவனியுங்கள். தகட்டைத் தட்டி நேராக்கிய பிறகு 2, 3 மி.மீ.க்குள் பட்டி வரவேண்டும். பள்ளத்தையே பட்டியால் நிரப்புவது பிற்பாடு வெடிக்கும். அதை இறுகவைக்கும் ஹார்ட்னர், பட்டியின் எடையில் சுமார் 2 சதவீதம். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகக் கலந்தால், மேலே அடித்த நிறத்தில் மஞ்சள் கறை ஊறும். நம் ஊர் ஷெட்களில் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது சர்வசாதாரணம். அது தவறு: பட்டியில் உள்ள டால்க் என்ற கனிமப் பொடி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயிலில் நின்றதும் பெயிண்டைக் கொப்புளமாக எழுப்பும். உலர் பேப்பரில் தேய்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் துணி சுற்றிய சிறு காந்தத்தை எஃகுத் தகட்டில் ஓட்டிப் பார்க்கலாம்; பிடி தளரும் இடத்தில் அடியில் பட்டி இருக்கிறது.

இன்சூரன்சில் போடலாமா என்பது கணக்கு. சொந்த உபயோகத்துக்குப் பதிவான 1500 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்கவேண்டிய கட்டாயப் பிடித்தம் 2,000 ரூபாய். தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ‘தேய்மானமில்லா’ பாலிசி இல்லையென்றால் பிளாஸ்டிக் பாகத்திலும் பெயிண்ட் பொருளிலும் பாதி உங்கள் தலையில். கிளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான போனஸுக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்காதவர் ஒரு கிளெய்ம் போட்டாலே, 50 சதவீதம் வரை சேர்த்துவைத்த போனஸ் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். ஒரு தகடு மட்டும் என்றால் முதலில் ஷெட்டில் விலை கேட்டு, போகப்போகும் போனஸ் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.