செகண்ட் ஹேண்டில் வேகக் கார் வாங்குகிறீர்களா? டயரைப் பாருங்கள்

டாடா டியாகோவின் வேக வடிவமான டியாகோ ஜேடிபி காரை வாங்கலாமா என்று பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரும் இளைஞர்கள் முதலில் பானட்டைத்தான் திறக்கிறார்கள். நான் முதலில் குனிந்து டயரைப் பார்ப்பேன்.

டாடா மோட்டார்ஸும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கைகோத்து 2018-இல் கொண்டுவந்த கார் இது. சாதாரண டியாகோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினின் சக்தி 85 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு). இதில், என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவோடு 114 பிஎஸ். 10 நொடிக்குள் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்பது கம்பெனி கணக்கு. அந்த வேகத்தைத் தாங்க சஸ்பென்ஷனை இறுக்கி, 15 அங்குல அலாய் வீலில் 185 மில்லிமீட்டர் அகல டயர் போட்டார்கள். பின்னால் டிரம் பிரேக்தான். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020-இல் தயாரிப்பு நின்றது.

ஆக, இன்று கைமாறும் வண்டி எல்லாமே ஐந்து வயதைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டிய வண்டியென்றால் கிலோமீட்டர் குறைவாக இருக்கும், டயரில் பட்டனும் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) நன்றாகவே இருக்கும். ஏமாறுவது இங்கேதான். தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது. டயரின் பக்கவாட்டில் 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் வரியின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டன் இடுக்குகளில் முடி போல வெடிப்பு ஓடியிருந்தால், மழை ரோட்டில் அந்த டயரை நம்பக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்த பிரேக்கும் டயரும் விழுங்க வேண்டிய ஆற்றல், 85-இல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. காலை லேசாக அழுத்தினாலே 85-ஐத் தாண்டுகிற வண்டி இது.

அப்புறம், சாதாரண டியாகோவையே ரீமேப் செய்து (என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி), ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. வெட்டிய ஸ்பிரிங் பள்ளத்தில் இறங்கும்போது தான் பொருந்தியிருக்கும் இடத்தை விட்டே விலகலாம். கம்பெனி அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

டர்போவுக்கு ஒன்றுதான்: விரட்டி ஓட்டி வந்ததும் என்ஜினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் (வண்டி நின்றபடி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல்) ஓட விடுங்கள்.

டயர் பழசு என்று தெரிந்தால் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அதே 185/60 ஆர்15 அளவில் மாற்றி, வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் நேர்கோணம்) பார்த்த பிறகு பைபாஸில் ஏற்றுங்கள்.