குளிர்காலத்தில் இலை விடும் ஆர்க்கிட்

ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் மேப்பிள், பீச் மரங்கள் மொட்டையாக நிற்கும். தரையெங்கும் சருகு. அதற்கு நடுவே ஒரே ஓர் இலை பச்சையாகப் படுத்திருக்கும். மேலே கொசுவம் வைத்ததுபோல மடிப்பும் வெள்ளைக் கோடுகளும். மண்ணுக்கு மேலே செடி மொத்தமும் அந்த ஓர் இலைதான். அங்குள்ளவர்கள் இதை ‘புட்டி ரூட்’ என்பார்கள், ‘ஆதாம் ஏவாள்’ என்றும் சொல்வார்கள்.

இரண்டு பெயரும் மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. கிழங்கை நசுக்கினால் பிசுபிசுவென்று பசை வரும். அந்தக் காலத்தில் உடைந்த மண்பாத்திரத்தை அதைக்கொண்டு ஒட்டினார்கள். புட்டி என்பது நம் பெயிண்டர்கள் சொல்லும் பட்டியேதான். அப்புறம், ஆண்டுதோறும் பழைய கிழங்கின் பக்கவாட்டிலிருந்து மெல்லிய தண்டு நீண்டு புதுக் கிழங்கு உருவாகும். பழையது உடனே சாகாது. அதனால் தோண்டும்போது குறைந்தது இரண்டு கிழங்காவது சேர்ந்து வரும்: ஆதாமும், அவன் விலாவிலிருந்து வந்த ஏவாளும். இந்த ஜோடியைக் காதல் வசியத்துக்கென்று விற்றதும் உண்டு. செடிக்குத்தான் பாவம், சேமிப்பு முழுக்க அந்தக் கிழங்கில்தானே இருக்கிறது.

தாவரவியல் பெயர் அப்லெக்ட்ரம் ஹையமாலே. பின்பாதிக்குக் ‘குளிர்காலத்துக்குரிய’ என்று பொருள். என்னைக் கேட்டால் செடியின் சூட்சுமத்தைப் பிடித்தது இந்தப் பெயர்தான். கோடையில் காட்டுக் கூரை மூடிக்கொள்ளும், தரைக்கு வெளிச்சம் அதிகம் கிடைக்காது. இலையுதிர்காலத்தில் கூரை திறக்கிறது. அந்த நேரம் பார்த்து இந்த ஆர்க்கிட் இலை விடுகிறது. குளிரில் உணவு தயாரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் வெயிலுக்குப் போட்டியாள் இல்லை. வசந்தம் வரை சம்பாதித்ததைக் கிழங்கில் சேர்த்துவிட்டு இலை வாடிப்போகும்.

பூப்பது மே, ஜூன் வாக்கில். இலையில்லாத ஒரு குச்சி எழும்பி, பச்சையும் பழுப்பும் ஊதாவும் கலந்த பத்துப் பன்னிரண்டு சிறு பூக்களைத் தாங்கும். செலவெல்லாம் கிழங்கிலிருந்து. பெயரின் முன்பாதியான அப்லெக்ட்ரத்துக்கு ‘குதிமுள் இல்லாதது’ என்று அர்த்தம். பல ஆர்க்கிட் பூக்களில் சேவலின் குதிமுள்போல நீண்டிருக்கும் தேன் குழல் இதற்குக் கிடையாது. தேனும் கிடையாது. சிறு தேனீக்கள் எப்போதாவது வருவதுண்டு, ஆனாலும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே தன்னைச் சூலுறச் செய்துகொள்கிறது.

பூத்து முடிந்த குச்சி சீக்கிரம் விழாது. காய்ந்த காய்கள் தலைகீழாகத் தொங்க, அடுத்த பனிக்காலத்திலும் அது நிற்கும். செடியைத் தேடிப் போகிறவர்கள் முதலில் அந்தக் குச்சியைத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் சருகை விலக்கினால் புது இலை.